அவர் மகனாகத் திரும்புகிறார், நான் யாராகத் திரும்புவது?

வணக்கம்ங்க மேடம்,

என் பெயரைப் போட வேண்டாம், எங்கள் சொந்தத்தில் நிறையப் பேர் இதையெல்லாம் படிக்கிறவர்கள். எனக்கு 41 வயது. பிறந்தது கோபிப் பக்கம், கட்டிக்கொடுத்தது பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற வழியில் ஒரு தோட்டத்து வீட்டில். 2010-ல் வீட்டுக்காரருடைய ஐ.டி. வேலைக்காக இங்கிலாந்து வந்தோம். இப்போது பர்மிங்காம் பக்கம் இருக்கிறோம், வீடு வாங்கியிருக்கிறோம், கடன் பாதி பாக்கி. மகளுக்கு 13 வயது, மகனுக்கு 8. இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எங்கள் இருவருக்கும் இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான், ஐ.எல்.ஆர். என்கிற நிரந்தரமாகத் தங்கும் உரிமை மட்டும் வாங்கியிருக்கிறோம். குடியுரிமை எடுத்துவிட்டால் ஊரில் தோட்டம் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது என்று அவர் எடுக்கவே இல்லை, என்னையும் எடுக்க விடவில்லை.

மாமனாருக்கு 76 வயது. போன ஆவணியில் தோப்புக்குள் வரப்பில் கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. செய்தி வந்த ராத்திரியே வீட்டுக்காரர் டிக்கெட் போட்டுக் கிளம்பிவிட்டார். ஒரு மாதம் கூட இருந்து பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து அவர் பேச்சு முழுக்க ஊர்தான். வேர் வாடல் நோய் வந்து தோப்பில் பாதி மரத்தை வெட்டிவிட்டார்கள், மிச்சத்தில் வெள்ளை ஈ, காய் போட ஆள் கிடைப்பதில்லை, அப்பா ஆசாரத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு வெட்டின இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிச் சொல்லி மாய்கிறார். வெட்டின இடத்தில் பாக்கு வைக்கலாமா, பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணீர் நம் மண்டலத்துக்கு எப்போது வரும் என்று ராத்திரியெல்லாம் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நாம் அங்கே இருக்கணும் என்கிறார்.

இதை அவர் என்னிடம் நேராகச் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திருப்பூரில் இருக்கிற நங்கை, அவருடைய அக்கா, வாட்ஸப்பில் "பாப்பாவுக்கும் தம்பிக்கும் அளவு சொல்லு கண்ணு, யூனிபார்ம் தைக்கக் குடுக்கோணுமல்ல" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, அவர் அக்காவிடம் சொல்லி பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தே விட்டார். கேட்டால், "விசாரிக்கத்தானே சொன்னேன், அதுக்குப் போய் இப்படிக் குதிக்கிறே" என்கிறார்.

நான் ஊரை வெறுக்கிறவள் இல்லைங்க. டிசம்பர் மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும், அந்த இருட்டில் டூட்டிக்குக் கிளம்பும்போது எதற்காக இங்கே கிடக்கிறோம் என்று பல நாள் அழுதிருக்கிறேன். என் வேலையே வயதானவர்கள் வார்டில்தான். யாரோ பெற்ற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கு நான் சாப்பாடு ஊட்டிவிட்டு, குளிப்பாட்டி, தலைவாரி விடுகிறேன், கோபியில் என் அம்மா தனியாக இருந்துகொண்டு முட்டி வலிக்குத் தானே தைலம் தேய்த்துக்கொள்கிறார். என் அப்பா 2021 மே மாதம் கொரோனாவில் போய்விட்டார், அப்போது என்னால் போக முடியவில்லை, அதை விடுங்கள். தங்கை பெங்களூரில் இருக்கிறாள், அவளுக்கு அவள் பிரச்சினை.

ஆனால் இந்த வேலையை நான் எப்படி வாங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். கோயமுத்தூரில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவள் இங்கே வந்து முதியோர் இல்லத்தில் உதவியாளாகத்தான் சேர்ந்தேன். நர்ஸாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். என்கிற ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதியில் 7 வேண்டும், எனக்கு 6.5-க்கு மேல் ஏறவே இல்லை. 2018 கடைசியில் எழுத்துக்கு மட்டும் 6.5 போதும் என்று மாற்றினார்கள். அப்புறம் செய்முறைத் தேர்வையும் முடித்துத்தான் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவமனையில் நர்ஸாக நின்றேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படித்தது. இப்போது வார்டில் ஒரு டாக்டர் எழுதின மருந்தில் எனக்குச் சந்தேகம் வந்தால் நிறுத்திக் கேட்கிறேன், அவரும் நின்று பதில் சொல்கிறார். இதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே போய் நான் என்ன செய்வேன்?

மாமியார் தங்கமானவர். ஒரு சொல் கடிந்து பேசினதில்லை. போன தடவை போயிருந்தபோது, "வந்துட்டா வேலைக்கெல்லாம் எதுக்குப் போகோணும், ஊட்டுல நிம்மதியா இரு சாமி" என்று ஆசையாகத்தான் சொன்னார். அந்த ஆசைதான் எனக்குப் பயமாக இருக்கிறது, கோபமாகச் சொல்லியிருந்தால் கூட எதிர்த்துப் பேசியிருப்பேன்.

மகளிடம் சொன்னதிலிருந்து அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறாள். நீங்கள் போங்கள், நான் தோழி வீட்டில் இருந்துகொள்கிறேன் என்கிறாள். சின்னவனுக்கு அப்பாரு வீட்டில் கன்னுக்குட்டி இருக்கிறது, நாய் இருக்கிறது, அவன் இப்போதே பெட்டி கட்டத் தயார். மாமனார் மாமியாரை இங்கே கூட்டிவரலாம் என்றால் அதற்கும் வழியில்லை. விசிட்டர் விசாவில் 6 மாதம்தான், நிரந்தரமாகக் கூட்டிவருகிற விதியை 2012-ல் அவ்வளவு இறுக்கிவிட்டார்கள். அப்படியே வழி இருந்தாலும் மாமனார் தோட்டத்தை விட்டு வரமாட்டார்.

போனால் "அங்க வேலை போயிருச்சாட்ட இருக்குது" என்பார்கள், போகாவிட்டால் "பெத்தவங்களப் பாக்காத பையன், பொண்டாட்டி பேச்சக் கேட்டு இருந்துட்டான்" என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் பழி என் மேல்தான். இரண்டு மாதமாக நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகள் எதிரில் சிரித்துப் பேசிவிட்டு, கதவைச் சாத்தினால் பேசாமல் படுக்கிறோம். போகலாமா, இருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். ஒரு பெரியவர் விழுந்து கிடக்கிற நேரத்தில் என் வேலை, என் வேலை என்று நினைக்கிற நான் சுயநலக்காரியா?

இப்படிக்கு,
கோபியில் பிறந்தவள்

பதில்

வணக்கம்மா.

சுயநலக்காரியா என்று கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. பெரியவர் விழுந்து கிடக்கும்போது உங்கள் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் யோசிக்காவிட்டால் வேறு யாரும் யோசிக்கப் போவதில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. யூனிபார்முக்கு அளவு கேட்கிற வரைக்கும் விஷயம் போய்விட்டது, உங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்களும் அவரும் ஒரே ஊருக்குத் திரும்புவதைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். அவர் போவது அவர் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு. அங்கே ஒவ்வொரு வரப்பும் அவருக்குத் தெரியும், போய் இறங்கின மறுநாளே அவர் அந்த வீட்டு மகன், கட்டுத்தரையில் கட்டியிருக்கிற மாடு வரைக்கும் அவரை அடையாளம் தெரியும். நீங்கள் போவது கல்யாணமாகி வெளிநாடு கிளம்புகிற வரைக்கும் கொஞ்ச காலம் இருந்த வீட்டுக்கு, அப்புறம் நோம்பிக்கும் விசேஷத்துக்கும் விருந்தாளியாக வந்துபோன வீட்டுக்கு. அவருக்கு அது திரும்புதல். உங்களுக்கு அது 41 வயதில் புதிதாக ஒரு குடும்பத்துக்குள் மருமகளாகப் போய் இறங்குவது. இதை அவர் யோசித்துப் பார்த்திருக்கவே மாட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை, யாரும் அவரிடம் சொன்னதில்லை. இதை இந்த வார்த்தைகளிலேயே அவரிடம் சொல்லுங்கள். "எனக்கு வர இஷ்டமில்லை" என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் "உன் அப்பா எனக்கு முக்கியமில்லை" என்றுதான் விழும். "நான் அங்கே யாராக இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொன்னால் அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது உங்களுக்கு வலிக்கும். அப்பா 2021 மே மாதம் போனதை ஒரே வரியில் எழுதிவிட்டு "அதை விடுங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். நான் விடப் போவதில்லை. 2021 ஏப்ரல் 23-ல் இங்கிலாந்து இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் போட்டது, ஆகஸ்ட் வரைக்கும் எடுக்கவில்லை. போனால் திரும்பி வரும்போது 10 நாள் ஓட்டலில் அடைந்து கிடக்க வேண்டும், சின்னக் குழந்தைகள் வீட்டில், வேலையோ கொரோனா காலத்து நர்ஸ் வேலை. நீங்கள் போக முடியாததற்கு அத்தனை காரணமும் நியாயமானது. ஆனால் அப்போது உங்கள் வீட்டில் யார் என்ன பேசினார்கள், அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாரா, "இப்பப் போய் என்ன பண்ண முடியும்" என்றாரா, எனக்குத் தெரியாது. நான்கு வருஷம் கழித்து அவருடைய அப்பா விழுந்த ராத்திரியே அவர் டிக்கெட் போட்டார் என்பதை மட்டும் நீங்கள் மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வரிக்கும் நடுவில் நீங்கள் எழுதாத ஒரு பெரிய கோபமும் துக்கமும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முகத்தைக் கடைசியாகப் பார்க்காமல், காரியத்தில் உட்காராமல், சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்து அழாமல் போன சாவு மனசுக்குள் முடிவதே இல்லை. கொரோனா காலத்தில் அப்படி நிறையப் பேருக்கு ஆனது, இன்னமும் அந்தக் கதையோடு என்னிடம் வருகிறார்கள். ஊருக்குப் போகலாமா என்ற பேச்சை எடுப்பதற்கு முன்னால், தனியாக ஒரு நாள், அவரிடம் இதைப் பேசுங்கள். குற்றம் சாட்டுவதற்காக வேண்டாம். "நீ உன் அப்பாவைப் பார்க்கப் போனது சரிதான், எனக்கும் அப்படி ஒருத்தர் இருந்தார், என்னால் போக முடியலை, அதை நாம் ரெண்டு பேரும் பேசினதே இல்லை" என்று ஆரம்பித்தால் போதும். இந்தப் பேச்சு நடக்காமல் நீங்கள் ஊருக்குப் போனால் மாமனாருக்கு நீங்கள் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அது உள்ளே குத்தும். போகாமல் இருந்தாலும் குத்தும்.

அதோடு சேர்ந்ததுதான் உங்கள் அம்மா. இத்தனை பெரிய திட்டத்தில் கோபியில் தனியாக இருக்கிறவரைப் பற்றி ஒரு சொல் இல்லையே? அவர் திட்டத்திலும் இல்லை, நீங்களும் அதை ஒரு கோரிக்கையாகக் கேட்கவில்லை. நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், "எனக்கென்ன, நான் நல்லா இருக்கறேன்" என்பார்கள். ஆனைமலைப் பக்கத்திலிருந்து கோபி பக்கம் இல்லை, மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டு, கார் கேட்டு, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பதற்குள் மாதம் ஓடிவிடும். பெற்றவர்களைப் பார்ப்பதற்காகத்தான் திரும்புகிறோம் என்றால் அதில் இரண்டு வீட்டுப் பெற்றவர்களும் இருக்க வேண்டும். இதில் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி மாமனார். இதில் நீங்கள்தான் அந்தக் குடும்பத்திலேயே விவரம் தெரிந்தவர். இடுப்பெலும்பு முறிந்த 76 வயதுக்காரருக்கு என்னென்ன வேண்டும் என்று உங்கள் வார்டில் தினமும் பார்க்கிறீர்கள். பிசியோதெரபி விடாமல் நடக்கிறதா, கழிப்பறையில் உட்கார உயரமான இருக்கையும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் போட்டார்களா, எலும்பு வலுவுக்கு மருந்து ஆரம்பித்தார்களா, ராத்திரி எழுந்து வெளியே போகிற வழியில் வெளிச்சம் இருக்கிறதா, மறுபடி விழாமல் இருக்க என்ன ஏற்பாடு. பகலில் ஒரு ஆள் கூட இருந்தால் போதுமா, ராத்திரிக்கும் வேண்டுமா. இவை எல்லாம் இந்த மாதமே செய்யக்கூடியவை, இதற்காக ஜூன் வரை யாரும் காத்திருக்க வேண்டாம். இதை நீங்கள் முன்னின்று செய்யுங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது இருக்கிற தவிப்பில் பாதி, அப்பாவுக்கு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்பது, அது குறைந்தால்தான் மற்றதை நிதானமாக யோசிக்க அவருக்கு மனசு வரும்.

அப்புறம், மாமனாரிடம் யாராவது கேட்டீர்களா? மகன் வந்து தோப்பைப் பார்க்க வேண்டும் என்று அவர் நினைக்கிறாரா, மகன் அங்கே நன்றாக இருந்தால் போதும், வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து முகத்தைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறாரா? வேர் வாடல் வந்த தோப்பை வைத்துக்கொண்டு பண்ணையம் எவ்வளவு கஷ்டம் என்று அவரை விட யாருக்குத் தெரியும். பாக்கு வைத்தால் காய்ப்புக்கு வர வருஷங்கள் ஆகும், அதுவரைக்கும் வீட்டு வருமானம் எது? இங்கிலாந்தில் வாங்கின வீட்டுக் கடனுக்கு என்ன வழி? 76 வயதில் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதும், அந்த மகன் தோட்டத்தில் காசைக் கொட்டி ஓட்டாண்டியாவதைப் பார்ப்பதும் வேறு வேறு.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வேலை சொல்கிறேன். அமெரிக்காவில் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு பேர் 1998-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கலிபோர்னியா மாணவர்களிடமும் குளிர் கடுமையான நடுமேற்குப் பகுதி மாணவர்களிடமும் வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பதில். ஆனால் உங்களைப் போன்ற ஒருவர் இந்த இரண்டு பகுதிகளில் ஒன்றில் இருந்தால் எப்படி இருப்பார் என்று கேட்டதும், இரண்டு பக்கத்தாருமே கலிபோர்னியாவில் இருப்பவர்தான் சந்தோஷமாக இருப்பார் என்றார்கள். இடம் மாறுவதைப் பற்றி யோசிக்கும்போது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற வித்தியாசத்தை மட்டும் பார்த்து மொத்த வாழ்க்கையையும் எடை போட்டுவிடுகிறோம். உங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது. அவர் கண்ணில் தென்னந்தோப்பும் அப்பாவும், உங்கள் கண்ணில் அடுப்படியும் சமையலும்.

அதனால் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்து, ஊருக்குப் போய் ஒரு வருஷம் ஆன பிறகு வருகிற ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள். நோம்பி நாள் வேண்டாம், விருந்து வேண்டாம். காலையில் யார் முதலில் எழுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவது, பத்து மணிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், கார் யார் கையில், மத்தியானம் எத்தனை பேருக்குச் சமையல், உங்கள் கணக்கில் மாதம் பணம் எங்கிருந்து வருகிறது, பொழுதோட யாரோடு உட்கார்ந்து பேசுகிறீர்கள், ராத்திரி மாமனார் கூப்பிட்டால் யார் எழுந்து போவது. ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் எழுதிவிட்டு, அப்புறம் மாற்றிப் படியுங்கள். அவர் எழுதிய செவ்வாய்க்கிழமையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள், பல வீடுகளில் மனைவி அதில் வரவே மாட்டார், அந்த இடத்தில்தான் உண்மையான பேச்சு ஆரம்பிக்கும்.

போவதென்று முடிவானால் தோட்டத்து வீட்டுக்கே போயாக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். கோயமுத்தூரில் வீடு எடுத்தால் பொள்ளாச்சி 40 கிலோமீட்டர், அவர் வாரத்தில் மூன்று நாள் தோப்புக்குப் போய்வரலாம், கோபிக்கு நீங்களே கார் ஓட்டிக்கொண்டு போய்ப் பொழுதோட திரும்பலாம், ஐ.டி. வேலையும் அங்கே உண்டு, பெரிய மருத்துவமனைகளும் உண்டு. சம்பளத்தில் நான் உங்களை ஏமாற்ற மாட்டேன், இங்கே தனியார் மருத்துவமனையில் நர்ஸுக்குக் கொடுப்பதைக் கேட்டால் உங்களுக்கு வயிறு எரியும், டாக்டரை நிறுத்திக் கேள்வி கேட்கிற உரிமையும் அங்கே இருப்பது போல இருக்காது. ஆனால் வயதானவர்களைப் பார்த்துக்கொள்வதில் உங்களுக்கு இருக்கிற அனுபவம் இங்கே அரிது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற பெரியவர்கள் நிறைந்த ஊர் இது, நர்சிங் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கலாம், வீட்டுப் பராமரிப்பு வேலைக்கு ஆட்களைப் பழக்கலாம். அது நடக்குமா என்று இப்போதே இரண்டு மூன்று இடத்தில் பேசிப் பாருங்கள், போய் இறங்கின பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வேலைக்குப் போவீர்கள் என்பதை மாமியாரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், அவர் மகன் சொல்லட்டும், அதுவும் கிளம்புவதற்கு முன்னால்.

திரும்பிப் போகிற வழியைச் சாத்திவிட்டுக் கிளம்பாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஐ.எல்.ஆர். உள்ளவர்கள் தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அது ரத்தாகிவிடும். உங்கள் நர்சிங் பதிவை 3 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க 450 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், அது உங்களுக்கே தெரியும். அவர் இந்தியக் குடிமகனாகவே இருக்க நினைப்பதில் நியாயம் இருக்கிறது, ஓ.சி.ஐ. என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் நிலம் வாங்கப் போவது அவர்தானே? நீங்கள் மட்டும் இங்கிலாந்துக் குடியுரிமை எடுத்துக்கொண்டு ஓ.சி.ஐ.-யோடு இங்கே வந்து இருக்கலாமா, வாரிசாக வருகிற நிலத்தை ஓ.சி.ஐ. உள்ளவரும் பெறலாம் என்பதால் நஷ்டம் என்ன, பிற்பாடு அவர் உங்களோடு அங்கே வரவேண்டி வந்தால் கணவர் விசாவுக்கு இருக்கிற 29,000 பவுண்டு வருமான வரம்பைச் சமாளிக்க முடியுமா என்று ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து கேளுங்கள். எடுக்கிறீர்களோ இல்லையோ, அது உங்கள் முடிவாக இருக்கட்டும். "எடுக்க விடவில்லை" என்று நீங்கள் எழுதியது எனக்கு உறுத்துகிறது.

போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வீடு திரும்புகிறவர்களுக்குத் திரும்பி வந்த பிறகும் ஒரு சரிவு வரும் என்று கல்லஹார்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1963-லேயே எழுதியிருக்கிறார்கள். எல்லாருக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கோயமுத்தூரில் என்னிடம் வருகிறவர்கள் பலரிடம் அதைப் பார்க்கிறேன். முதல் சில மாதம் ஒப்பிட்டும் சந்தகையும் சொந்தக்காரர் வீட்டு விருந்துமாகப் போகும். அப்புறம்தான் தெரியும், நாம் இல்லாத 15 வருஷத்தில் ஊரும் நகர்ந்துவிட்டது, பேசிப் பழகின தோழிகள் வேறு வேறு இடத்தில், வெளிநாட்டுக் கஷ்டத்தைச் சொன்னால் பெருமை பேசுவதாக நினைக்கிறார்கள். சொந்த ஊரில் இப்படி இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, அதனால் நமக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்குவார்கள். உங்களை விட இது அவரைத்தான் பலமாக அடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது, எதிர்பார்ப்பு அவருக்குத்தான் அதிகம்.

மகள் விஷயத்தில் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. 13 வயது என்றால் இப்போது எட்டாம் ஆண்டோ ஒன்பதாம் ஆண்டோ. 16 வயதில் எழுதுகிற ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வுக்கான பாடங்கள் பெரும்பாலும் பத்தாம் ஆண்டில்தான் தொடங்குகின்றன, அதில் நடுவில் பிடுங்கி எடுத்துவராதீர்கள், வந்தால் அதற்கு முன்னால், இல்லையென்றால் அது முடிந்து. கோயமுத்தூரில் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன, செலவு அதிகம். அவள் பிரிட்டிஷ் குடிமகள் என்பதால் எப்போது வேண்டுமானாலும் அங்கே போய்ப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணத்துக்கு வழக்கமாக அதற்கு முந்தைய 3 ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். இங்கே படிக்க வைக்கலாம் என்றால், ஓ.சி.ஐ. பிள்ளைகள் நீட் போன்ற தேர்வுகளில் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமான இடங்களுக்குப் போட்டியிட முடியாது என்று 2021 மார்ச்சில் ஒரு அறிவிப்பு வந்தது, அது பழைய ஓ.சி.ஐ. பிள்ளைகளைப் பாதிக்காது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பதையும் வக்கீலிடம் கேளுங்கள். இரண்டு பக்கமும் இடைஞ்சல் வருகிற வயதில் அவள் இருக்கிறாள். அவளுக்கு இந்த விவரம் தெரியாது, ஆனால் தன்னைக் கேட்காமல் முடிவு நடக்கிறது என்பது தெரிகிறது, அம்மாவுக்கும் அதேதான் நடந்தது என்பதும் தெரிகிறது. தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால் திட்டாதீர்கள். நீங்களும் உங்கள் தட்டோடு மேலே போய் உட்காருங்கள். முடிவு அவள் கையில் இல்லை என்பதைச் சொல்லலாம், ஆனால் அவள் சொல்வதைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டோம் என்பதையும் சொல்லுங்கள், அப்புறம் அந்த வார்த்தையைக் காப்பாற்றுங்கள்.

இந்த ஜூன் வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. விண்ணப்பத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு பேர் கையெழுத்தும் இல்லாமல் பள்ளி, வீடு, டிக்கெட் எதுவும் இனி கிடையாது என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், உங்கள் கல்யாணத்துக்கு இப்போது வேண்டியது அதுதான், ஊர் அதற்கு அடுத்தது. அவருடைய நிறுவனத்தில் சம்பளமில்லா விடுப்பு கிடைத்தால், திரும்பும் தேதியைக் குறித்துக்கொண்டு, அவர் மட்டும் இரண்டு மூன்று மாதம் போய் இருக்கட்டும், அப்பாவோடு இருக்கட்டும், தோப்பில் இறங்கி வேலை செய்யட்டும், வெயில் காலத்தில் போனால் இன்னும் நல்லது. கோடை விடுமுறைக்கு நீங்களும் பிள்ளைகளும் போங்கள், அதில் பாதி நாள் கோபியில், அம்மிச்சி வீட்டில். அதற்குள் வக்கீல், வேலை, கோயமுத்தூர் வீட்டு வாடகை எல்லாம் விசாரித்து முடித்திருப்பீர்கள். அப்புறம் உட்கார்ந்து பேசி, போவதென்றால் அடுத்த ஜூனுக்குப் போங்கள், ஐ.எல்.ஆர். காலாவதியாகும் முன் ஒரு தேதி வைத்து, அன்றைக்கு இரண்டு பேரில் ஒருவருக்கு ஒத்துவரவில்லை என்றாலும் திரும்புவோம் என்று பேசிக்கொண்டு போங்கள். அந்தத் தேதிக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், அப்போது நான் வேறு மாதிரிப் பேசுவேன்.

ஊர்ப் பேச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பேசுவார்கள், ஒரு நோம்பி வரைக்கும் பேசுவார்கள், அப்புறம் அடுத்த வீட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள்.

கதவைச் சாத்திவிட்டுப் பேசாமல் படுக்கிற ராத்திரிகள் இன்னும் தொடர்ந்தால், இருவருமாக ஒரு நாள் வீடியோ அழைப்பில் வாருங்கள், உங்கள் டூட்டியைப் பொறுத்து நேரம் சொல்லுங்கள், வைத்துக்கொள்கிறேன். மகளுக்கும் என்னிடம் தனியாக எழுதலாம் என்று சொல்லுங்கள். தமிழில் வராவிட்டால் ஆங்கிலத்திலேயே எழுதட்டும், நீங்கள் படித்துப் பார்க்காமல் அனுப்ப வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.